மூன்று மலைக்கும் ஒரு பத்து மணி

ஜூன் 15, ஞாயிறு

காலையில் தூறல். பிறகு பனிமூட்டம். பிறகு மறுபடி தூறல். துவைத்துப் போட்ட துணி நேற்றிலிருந்து அப்படியே.

தண்ணீர்: 2 கோப்பை. (டாக்டரம்மாவிடம் 6 என்று சொல்ல வேண்டும்.)

இந்தக் கொப்பி வாங்கியதே அதற்காகத்தான். சிறுநீரில் கிருமி, இந்த வருஷம் மூன்றாவது தடவை. "ஒரு நாளைக்கு எட்டுக் கோப்பை குடிங்க. குடிச்சத எழுதி வைங்க. அடக்கி மட்டும் வைக்காதீங்க." அடக்காமல் எங்கே போவது என்று கேட்க வாய் வந்தது. வெளியே வரிசையில் நாற்பது பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மலையில் கக்கூஸ் கிடையாது. ஏழரைக்குக் கூடையோடு ஏறினால் இறங்குவது நாலரைக்கு. இடையில் வந்தால் ஆளுயர மானாப் புல்லுக்குள் போக வேண்டும். அங்கே அட்டை உண்டு, பாம்பு உண்டு, ஒரு தரம் சிறுத்தையின் கால்தடம் இருந்தது. எல்லாவற்றையும் விட மோசம், எந்தத் திசையிலிருந்து கங்காணி வருவார் என்று தெரியாது. அதனால் எங்கள் மலையில் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. சாமி கும்பிடுவது போல எல்லோரும் கடைப்பிடிக்கும் விரதம். போன மாதம் பாக்கியம் அவசரமாகக் தண்ணீர்க் கானைத் தாண்டப் போய்ச் சறுக்கி விழுந்து, வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கொழுந்து எடுக்கிற கை.

கக்கூஸ் கேட்டுத் தோட்டத்துத் துரைக்கு மூன்று கடிதம் கொடுத்தோம். முதல் இரண்டுக்கும் பதில்: ஆவன செய்யப்படும். மூன்றாவதுக்கு அதுவும் இல்லை.

இன்று ஹட்டனில் மாதர் கூட்டம். கொழும்பிலிருந்து ஒரு மிஸ். எங்கள் தோட்டத்திலிருந்து மூன்று பேர்: நான் மேல் டிவிசன் சார்பில், தெய்வானை நடு டிவிசன், ராணி கீழ் டிவிசன். சோற்றுப் பார்சல், மீன் துண்டு பெரியது. மிஸ் எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னது:

"அக்கா, உங்ககிட்ட ஒற்றுமை இருக்கு. ஒத்திசைவு இல்ல."

பலகையில் எழுதினார். ஒத்திசைவு. எல்லோரும் எழுதிக்கொண்டோம். அர்த்தம்: ஒரே நேரத்தில், ஒருவர் அசைவு மற்றவர் அசைவோடு பொருந்தி நடப்பது. உதாரணத்துக்குப் பதினெட்டுப் பேரையும் ஒன்றாகக் கைதட்டச் சொன்னார். தகரத்தில் மழை பிடிக்கிற மாதிரி ஒரு சத்தம். மறுபடி. மறுபடி. ஐந்தாவது தடவையும் சரிவரவில்லை. அப்போது ஒருவர் எட்டிப் பார்த்து "பார்சல் வந்திருச்சு" என்றார். பதினெட்டு நாற்காலியும் ஒரே நேரத்தில் நகர்ந்தன.

"இதுதான்," என்றார் மிஸ்.

கொட்டகலைக்கு வரும் பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டே தீர்மானம் செய்தோம். வியாழக்கிழமை பத்து மணிக்கு மூன்று டிவிசனிலும் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்காருவது. கூச்சல் இல்லை, கோஷம் இல்லை. துரை நேரில் வந்து கேட்கும் வரைக்கும். ஒரு டிவிசன் மட்டும் உட்கார்ந்தால் மற்ற இரண்டிலிருந்தும் ஆள் கொண்டுவந்து கொழுந்து எடுத்துவிடுவார்கள். மூன்றும் உட்கார்ந்தால் பின்நேரம் தொழிற்சாலைக்கு இலை போகாது. வந்துதான் ஆக வேண்டும்.

"வியாழன், பத்து மணி," என்றாள் ராணி.

"வியாழன், பத்து மணி," என்றோம். வேறு பேச ஒன்றும் இருக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

மழை. முதுகில் போடும் படங்குச் சாக்கு ஒழுகுகிறது. முதுகு நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்தது.

தண்ணீர்: 1½.

ஒத்திசைவு என்ற சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டது. மகள் கவிதாவிடம் கேட்டேன். உயர்தரம் படிக்கிறாள், எல்லாம் தெரிந்த முகத்தோடுதான் எப்போதும் இருப்பாள்.

"சிங்க் ஆகுதுன்னு போன்ல வருமேம்மா, அதுதான்."

"அது ஆகவே ஆகாதே."

"ஆமா. உங்க போன் பழசு."

இன்று பார்த்த ஒத்திசைவுகள்:

— அடுத்த காம்பராவிலும் எங்கள் காம்பராவிலும் ஒரே நாடகம். அவர்களுடைய டிவி ஒரு நொடி பின்னால். எங்கள் வீட்டில் மாமியார் அறைகிறாள், அடுத்த வீட்டில் அறை விழுகிறது. அழுகையும் இரண்டு தரம். (இது ஒத்திசைவு இல்லாமை.)

— வீட்டுக்காரர் குறட்டையும் கூரையில் மழையும். (சில நேரம்.)

— சம்பளநாளும் சீட்டுக்காரியும். (பூரணம்.)

— நான் பேசத் தொடங்குவதும் வீட்டுக்காரர் வெளியே போக எழும்புவதும். (இதற்கு மிஸ் பரிசே கொடுக்கலாம்.)

ஜூன் 18, புதன்

பகலில் ஒரு மணிநேரம் வெயில். எல்லா லயத்து வீடுகளிலும் துணி வெளியே வந்து, எல்லாம் ஒன்றாக உள்ளே போனது.

தண்ணீர்: 2.

எங்கள் பக்கம் இருபத்தெட்டுப் பேருக்கும் காதோடு காதாகச் சொல்லியாகிவிட்டது. பயம்தான். அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளத்தை வெட்டிவிடுவார்களா? தீபாவளி முற்பணத்தில் கை வைப்பார்களா? ராசாத்திக்கு வேறு பயம்: "அக்கா, உக்காந்திருக்கும்போது வந்துட்டா எங்க போறது?" எல்லோரும் சிரித்தோம். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

மலைக்கு போன் கொண்டுபோகக் கூடாது என்பது கங்காணிகளுக்கு மேலே இருக்கிற கண்டாக்கு ஐயாவின் உத்தரவு. (இனி க.ஐ.) எப்படியும் மழையில் நனைந்து செத்துப்போகும். அதனால் தொழிற்சாலைச் சங்குதான் எங்களுக்கு மணிக்கூடு. பத்து மணித் தேத்தண்ணிச் சங்கு ஊதியதும் உட்காருவது.

அந்தச் சங்கை ஊதுகிறவர் என் வீட்டுக்காரர். (இனி வீ.கா.) தொழிற்சாலைக் காவல். அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரவு சோறு போடும்போது அவராகக் கேட்டார்: "நாளைக்கு நீங்க உக்காரும்போது சாக்கு கொண்டு போறீங்களா? தரை ஈரமா இருக்குமே."

ரகசியம் இவ்வளவுதான்.

ஜூன் 19, வியாழன்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

தண்ணீர்: 0. வீம்புக்கு.

சங்கு ஊதியது. இருபத்தெட்டுக் கூடையும் கீழே. உட்கார்ந்தோம். கங்காணி இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"என்னா, எல்லாருக்கும் ஒரே நேரத்துல கால் வலியா?"

பத்து நிமிடத்தில் க.ஐ. மோட்டார் சைக்கிளில் வந்தார். கோபம் இல்லை. அதுவே ஒரு மாதிரியாக இருந்தது.

"மத்த ரெண்டு டிவிசன்லயும் ஆளுங்க ஒழுங்கா வேலை செய்யிறாங்க. நீங்க மட்டும் என்னா மகாராணிங்களா?"

"பொய் சொல்றீங்க ஐயா," என்றேன்.

"நம்பாட்டி வளைவுல போய்ப் பாரு."

ராசாத்தி போய்ப் பார்த்தாள். வளைவிலிருந்து நடு டிவிசன் மலை முழுதும் தெரியும். திரும்பி வந்தபோது முகம் செத்திருந்தது. "எடுக்குறாங்கக்கா. எல்லாரும் குனிஞ்சு எடுக்குறாங்க."

தெய்வானையை என் வாயில் வந்த எல்லாவற்றாலும் திட்டிவிட்டு எழுந்தேன். எழுந்தோம். கூடையைத் தலையில் மாட்டினோம்.

மற்றதை மத்தியானம் இலை நிறுக்கும் இடத்தில் துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்த்தேன். நாங்கள் கூடையை மாட்டிக்கொண்டிருந்த அதே வேளையில்தான் நடு டிவிசன் உட்கார்ந்திருக்கிறது. அவர்களுக்குச் சங்கு கேட்காது, மலை மறைக்கும். அவர்களுக்குப் பத்து மணி என்றால் கோயிலில் பூசை முடிந்து மணி அடிப்பது. பூசாரி எழும்புகிற நேரத்தைப் பொறுத்தது அது. க.ஐ. அங்கே போய் "மேல் டிவிசனப் பாருங்க" என்று காட்டியிருக்கிறார். தெய்வானை பார்த்திருக்கிறாள். நாங்கள் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தோம். என்னைத் திட்டிவிட்டு எழுந்திருக்கிறாள்.

கீழ் டிவிசனுக்குச் சங்கும் கேட்காது, மணியும் கேட்காது. அவர்களுடைய பத்து மணி பாண் ரொட்டி விற்கிற ஆட்டோவின் பாட்டுச் சத்தம். இன்று பாண்காரனுக்கு டயர் பஞ்சர். ராணி உட்காரும்போது பத்தே முக்கால் தாண்டிவிட்டது. க.ஐ. அதே ஆட்டோவில் மீன் வைத்த ஒரு மாலுபாண் வாங்கிக் கடித்துக்கொண்டே போய், "மத்த ரெண்டு மலையிலயும்…" என்று தொடங்கினாராம்.

மூன்று டிவிசனும் உட்கார்ந்தது உண்மை. ஒன்று எழும்ப ஒன்று உட்கார்ந்தது என்பதும் உண்மை. ஒரு மனுஷன், ஒரு மோட்டார் சைக்கிள், இடையில் சாப்பிட நேரமும் கிடைத்திருக்கிறது. இன்றைக்குத் தோட்டத்தில் ஒத்திசைவோடு வேலை செய்தது அவர் ஒருவர்தான்.

ஜூன் 20, வெள்ளி

பனி. முன்னால் நிற்கும் ஆள் தெரியவில்லை. நல்லது, எவள் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

தண்ணீர்: 1. அடிவயிற்றில் மறுபடி எரிச்சல்.

நிறுக்கும் இடத்தில் சண்டை. ராணி: "பத்து மணின்னா பத்து மணி. எங்களுக்கு என்னைக்கும் பாண்காரன் வர்றதுதான் பத்து." தெய்வானை: "சாமிக்கு மணி அடிக்கிறத விடவா உன் பாண்காரன் பெருசு?" நான்: "சங்குதான் தோட்டத்து நேரம். கம்பனி ஊதுறது." இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ராணி கேட்டாள்: "எந்தப் பக்கம்க்கா நீங்க?"

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். க.ஐ. தராசுக்குப் பக்கத்தில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார்.

வீட்டில் வீ.கா.விடம்:

"பத்து மணிச் சங்கு எத்தனை மணிக்கு ஊதுறீங்க?"

"பத்துக்கு."

"போன்ல பாத்தா?"

சோற்றைப் பிசைந்தார். பிறகு: "போன்ல பாத்தா ஒம்பது நாப்பத்தெட்டு."

தொழிற்சாலை மணிக்கூடு பன்னிரண்டு நிமிடம் முந்தி ஓடுகிறதாம். இவர் வேலைக்குச் சேரும்போதே அப்படித்தானாம். ஆட்கள் சீக்கிரம் மலைக்கு ஏறட்டும் என்று எந்தக் காலத்துத் துரையோ வைத்தது.

"அப்ப சாயங்காலச் சங்கும் பன்னெண்டு நிமிஷம் முந்தி ஊதணுமே? வேலை சீக்கிரம் விடணுமே?"

"சாயங்காலம் கண்டாக்கு ஐயா போன் போட்டுச் சொல்லுவாரு. அப்பதான் ஊதுவேன்."

சோற்றுக் கரண்டி கையிலேயே இருந்தது. ஏறுவதற்கு ஒரு மணிக்கூடு, இறங்குவதற்கு ஒரு மணிக்கூடு. இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு நிமிடம் முந்தி எழும்பியிருக்கிறேன். அந்தத் தூக்கத்தை எந்தத் துரையிடம் போய்க் கேட்பது?

"நீங்க எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீ கேக்கலையே," என்றார். உண்மையாகவே அப்பாவி முகம். இன்று அவருக்குக் குழம்பு இரண்டாம் தரம் ஊற்றவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மழை விட்டிருந்தது. கோயிலுக்குப் பின்னால் கூட்டம். மூன்று டிவிசனும். முதல் அரைமணிநேரம் வெற்றிலை மட்டும் கை மாறியது.

தண்ணீர்: 4! வீட்டில் இருக்கிற நாள். குசினிக்குப் பின்னால் கதவு வைத்த கக்கூஸ் இருக்கிறது. இப்போதெல்லாம் கதவைப் பார்த்தாலே சந்தோஷப்படுகிறேன்.

மூன்று மலைக்கும் ஒரே அடையாளம் வேண்டும். வந்த யோசனைகளும் அவற்றின் கதியும்:

வெடி போடுவது (ராணி). மழையில் நமுத்துப்போகும். வெடித்தால் பொலிஸ் வரும்.

மலை உச்சியில் சிவப்புச் சேலை காட்டுவது. பனியில் யாருக்குத் தெரியும்? யாருடைய சேலை என்பதிலும் தகராறு.

போனை உள்பாவாடைக்குள் மறைத்துக் கொண்டுபோய் மிஸ்ட் கோல் அடிப்பது. கீழ் டிவிசனில் சிக்னல் ஒரே ஒரு பாறைமேல்தான். அந்தப் பாறைமேல் கங்காணி உட்கார்ந்திருப்பார்.

சங்கைச் சரியான நேரத்துக்கு, மூன்று மலைக்கும் கேட்கிற மாதிரி நீட்டி ஊதச் சொல்வது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அவர் வேலை போயிரும்," என்றேன். போகும். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

பூசாரியைச் சரியாகப் பத்துக்கு எழுப்பி... இது முடியும் முன்னே தெய்வானை எழுந்து நின்றாள், ராணியும் எழுந்தாள். "உன்னாலதான்." "உன்னாலதான்." கூட்டம் கலைகிற மாதிரி ஆகிவிட்டது.

பாக்கியம் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தாள். கூட்டத்துக்கெல்லாம் வந்து பேசுகிறவள் இல்லை. ஹட்டனுக்கும் வந்ததில்லை.

"ஏன்டி, மணி எதுக்கு?" என்றாள்.

யாரும் கவனிக்கவில்லை. கொஞ்சம் சத்தமாக: "மணி எதுக்குங்குறேன். அவங்கவங்க பத்து மணிக்கு உக்காருங்க. சங்குக்கு உக்காருறவ சங்குக்கு, பாணுக்கு உக்காருறவ பாணுக்கு. எந்திரிக்காதீங்க, அவ்வளவுதான். அடுத்தவ எந்திரிச்சாளான்னு எட்டியும் பாக்காதீங்க. கடைசி ஆளு உக்காந்ததும் எல்லாரும் ஒண்ணா உக்காந்திருப்பீங்கல்ல?"

ராணியும் தெய்வானையும் உட்கார்ந்தார்கள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஹட்டன் போய், பலகையைப் பார்த்து எழுதி, கை வலிக்கத் தட்டிவிட்டு வந்தவள் நான். எப்போது உட்காருவது என்று நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். நாங்கள் தோற்றது உட்கார்ந்ததில் இல்லை, எழுந்ததில். அதுவும் ஒருத்தியை ஒருத்தி நம்பாமல் எழுந்ததில். தெய்வானையிடம் போய் "திட்டிட்டேன்டி அன்னைக்கு" என்றேன். "நான் ரெண்டு மடங்கு திட்டினேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மறுபடி உட்காருவது.

ஜூன் 24, செவ்வாய்

தண்ணீர்: காலையில் அரை. மிச்சக் கணக்கு கீழே வரும்.

நல்ல பனி, கூடவே தூறல். சங்கு. (ஒன்பது நாற்பத்தெட்டு.) கூடையை இறக்கினோம். சாக்கு கொண்டுபோயிருந்தோம். லீவில் இருக்கிற பாக்கியமும் குடையோடு ஏறி வந்து எங்களோடு உட்கார்ந்தாள்.

க.ஐ. வந்தார். "மத்த ரெண்டு டிவிசன்லயும்…"

"இருக்கட்டுங்க ஐயா," என்றேன்.

"வளைவுல போய்ப் பாரு."

"பனிங்க. ஒண்ணும் தெரியாது."

நடு டிவிசனுக்குப் போனார். கீழ் டிவிசனுக்குப் போனார். திரும்பி வந்தார். நாங்கள் அப்படியே. மறுபடி போனார். மூன்றாவது சுற்றில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், பெற்றோல் முடிந்துவிட்டது. ராசாத்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கு வேறு ஒன்றையும் அடக்க வேண்டியிருந்தது, பாவம்.

பன்னிரண்டுக்கு இலை லொறி வெறுமனே இறங்கியது. ஒன்றேகாலுக்கு ஜீப் ஏறி வந்தது.

புதுத் துரை. வந்து ஆறு மாதம். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். காலில் சப்பாத்து பளபளவென்று. கொஞ்சம் தமிழ்.

"என்ன பிரச்சினை? என்கிட்ட சொல்லாம ஏன் வேலை நிப்பாட்டுறது?"

"மூணு கடிதம் தந்தோங்க. மத்த ரெண்டு மலைக்கும் ஆள் அனுப்புங்க. எல்லாரும் வந்ததும் ஒண்ணாப் பேசுவோம்."

அனுப்பினார். குறுக்குப் பாதையால் தெய்வானையின் ஆட்களும் ராணியின் ஆட்களும் ஏறி வந்தார்கள். எங்களோடு சேர்த்து எண்பத்து மூன்று பேர். பனிக்குள்ளிருந்து ஒவ்வொரு தலையாக வந்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மழை என்று துடைத்துக்கொண்டேன்.

வந்த மனுஷருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் எப்படிப் பேசுவது? எங்கள் போத்தலிலிருந்து ஒரு கோப்பை கொடுத்தேன். குடித்தார். உடனே தெய்வானை தன் போத்தலைத் திறந்தாள். "மேல் டிவிசன்ல குடிச்சிட்டு எங்ககிட்ட குடிக்காமப் போனா எங்களுக்குக் கொறையில்லையா ஐயா?" அதையும் குடித்தார். ராணி விடுவாளா? அவளுடைய கோப்பை சொம்பு அளவு. எதிலும் உள்நோக்கம் இல்லை, சத்தியமாக இல்லை. குளிர், அவரும் ஆசையாகத்தான் குடித்தார்.

பிறகு பேசினார். தலைமைக் காரியாலயம். அனுமதி. அடுத்த காலாண்டு. மதிப்பீடு. நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். நாங்கள் எழும்பப் போவதில்லை என்பது அவருக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. முக்கால் மணிநேரம் ஆனது. மழை வலுத்தது. பேச்சு வேகமானது, சொற்கள் குறைந்தன. இடது காலில் நின்றார். வலது காலில் நின்றார். குடையைக் கை மாற்றினார்.

கடைசியில் க.ஐ. பக்கம் குனிந்து, மெதுவாக, சிங்களத்தில்: "மெஹே டொய்லட் எகக் கொஹெத?" இங்கே டொய்லட் எங்கே என்கிறார்.

எங்களில் யாருக்குத் தெரியாது சிங்களம்?

எண்பத்து மூன்று கைகளும் ஒரே நேரத்தில் எழும்பின. மானாப் புல்லைக் காட்டின. சங்கு ஊதவில்லை, மணி அடிக்கவில்லை, பாண்காரன் வரவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பாக்கியத்தின் கட்டுப் போட்ட கையும் அதில் ஒன்று.

துரை ஜீப்பைப் பார்த்தார். பாதையைப் பார்த்தார். தொழிற்சாலைக்கு இருபது நிமிடம், வழி முழுக்கக் குண்டும் குழியும். பிறகு குடையோடு புல்லுக்குள் நடந்தார். நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கம் முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டோம். எங்களுக்காக யாரும் அப்படித் திரும்பி உட்கார்ந்ததில்லை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது, நன்றாக வலித்தது.

"யாரும் வர்றீங்களா அங்க?" என்று புல்லுக்குள்ளிருந்து ஒரு குரல். பயந்த குரல்.

"இல்லீங்க ஐயா, பயப்படாமப் போங்க," என்றாள் ராணி.

வந்தபோது சப்பாத்தில் சேறு. காற்சட்டைக்கு மேலே முழங்கால் பக்கம் ஒரு அட்டை. அவர் அதைப் பார்த்து ஆடாமல் அசையாமல் நின்றார். பாக்கியம் மடியிலிருந்து உப்புத் துணியை எடுத்து இடது கையால் ஒற்றி எடுத்தாள். "இது ஒண்ணும் செய்யாதுங்க. பாம்புதான் பாக்கணும்."

அப்புறம் க.ஐ.யிடம் கொப்பியும் பேனையும் வாங்கினார். காலாண்டு என்ற சொல் மறுபடி வரவில்லை. டிவிசனுக்கு ஒரு கக்கூஸ், தண்ணீர்க் குழாயோடு, கதவோடு. எழுதிக் கையெழுத்துப் போட்டார். கதவு என்ற இடத்தில் "உள்பக்கம் பூட்டு" என்று சேர்க்கச் சொன்னோம், சேர்த்தார்.

"முதல்ல எங்க கட்டுறது? காட்டுங்க."

நான் மேலே காட்டினேன். தெய்வானை கோயில் பக்கம் காட்டினாள். ராணி கீழே காட்டினாள். மிச்ச எண்பது கைகளும் மூன்று திசையில். மறுபடி சண்டை தொடங்கிவிட்டது. துரைக்கு அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

வீட்டுக்கு வந்து கடகடவென்று மூன்று கோப்பை. வீ.கா.வுக்கு இன்று குழம்பு இரண்டு தரம்.

ஜூன் 27, வெள்ளி

வெயில்! ஜூன் மாதத்தில் வெயில்.

கக்கூஸ் கட்டுகிற மேசன் பாஸ் வந்தார். துரை முடிவு: சீட்டுக் குலுக்கவில்லை, மூன்றிலும் ஒரே நாளில் வேலை தொடக்கம். காலையில் எங்கள் மலையில், பாதையோரம், நாலு முளை அடித்துக் கயிறு கட்டினார். நீளம், அகலம், வாசல் எந்தப் பக்கம் என்று எங்களிடம் கேட்டார். கேட்டார்! வாசல் பாதையைப் பார்க்க வேண்டாம், தேயிலையைப் பார்க்கட்டும் என்றோம். ராசாத்தி கயிற்றுக்குள் போய் நின்று, இல்லாத கதவை இழுத்துச் சாத்தி, பூட்டிக் காட்டினாள். கங்காணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சந்தோஷம் தாங்கவில்லை. பத்து மணிச் சங்குக்குத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, எல்லோரும் பார்க்க, ஒரே மூச்சில் முழுவதையும் குடித்தேன். பார்த்த மற்றவர்களும் குடித்தார்கள். இருபத்தெட்டுப் போத்தலும் காலி.

தண்ணீர்: 5 கோப்பை, பத்தரைக்குள். டாக்டரம்மாவிடம் பொய் சொல்ல வேண்டியதில்லை.

குடித்து முடித்த பிறகுதான் நினைவு வந்தது. அங்கே இருப்பது நாலு முளையும் ஒரு கயிறும்தான்.